காற்றாலைக்கு ஏற்ற இடம் எது? வரைபடங்களும் அவற்றின் வரம்புகளும்

இந்தியாவில் காற்றிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்ற கேள்விக்கு அரசு சொல்லும் விடை, பதினைந்து ஆண்டுகளுக்குள் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. 2010-ல் வெளியான இந்தியக் காற்று வரைபடத் தொகுப்பு, தரையிலிருந்து 50 மீட்டர் உயரத்தில் நாட்டின் காற்று மின்வளம் 49,130 மெகாவாட் என்றது. அதே கணக்கை 80 மீட்டருக்குப் போட்டபோது 1,02,788 மெகாவாட் வந்தது. பிறகு 100 மீட்டருக்கு 302 ஜிகாவாட், 120 மீட்டருக்கு 695 ஜிகாவாட், 150 மீட்டருக்கு 1,164 ஜிகாவாட் என்று ஏறிக்கொண்டே போனது. ஒரு ஜிகாவாட் என்பது 1,000 மெகாவாட். தமிழ்நாட்டை மட்டும் எடுத்தால், 100 மீட்டரில் 33.8 ஜிகாவாட்டாக இருந்த வளம் 150 மீட்டரில் சுமார் 95 ஜிகாவாட்டாகியிருக்கிறது.

இந்த இடைவெளியில் பருவக்காற்று மாறிவிடவில்லை. கோபுரம் உயர்ந்தது, இறக்கை நீண்டது, எந்த நிலத்தைக் கணக்கில் சேர்க்கலாம் என்ற விதி மாறியது, கணினி மாதிரி இன்னும் நுணுக்கமாகப் பார்க்கத் தொடங்கியது. ஆகவே, காற்றாலைக்கு ஏற்ற இடம் எது என்று கேட்டால் கிடைக்கும் விடையில் காற்றின் பங்கு எவ்வளவு, கேட்பவர் எடுத்துக்கொண்ட அனுமானங்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடந்த எண்பது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்குத் தரப்பட்ட முக்கியமான விடைகளை, அவை பிறந்த சூழலோடும் அவற்றின் குறைகளோடும், தமிழ்நாட்டை நடுவில் வைத்து இக்கட்டுரை பரிசீலிக்கிறது. வரைபடத்தின் நிறங்களைத் தீர்மானிப்பதில் அனுமானங்களுக்குக் காற்றைவிட அதிகப் பங்கு உண்டு, அவை வரைபடத்தின் முகப்பிலேயே அச்சாக வேண்டும் என்பதே இதன் நிலைப்பாடு.

மரம் காட்டிய காற்று

காற்று எங்கே ஓயாமல் வீசும் என்பதை முதலில் அறிந்தவர்கள் அங்கேயே வாழ்ந்தவர்கள்தான். பொலி தூற்றக் களம் எங்கே போடுவது, எந்த மாதத்தில் கட்டுமரத்தைக் கடலில் இறக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் அறிந்தவை. பொறியியலாளர்கள் இந்த வகை அறிவை எண்ணாக மாற்ற முயன்ற முதல் பெரிய நிகழ்வு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடந்தது. பால்மர் புட்னம் என்ற பொறியியலாளர் 1941-ல் கிராண்ட்பாஸ் நாப் என்ற குன்றின் மேல் 1.25 மெகாவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார். உலகில் ஒரு மெகாவாட்டைத் தாண்டிய முதல் காற்றாலை அது. இடத்தைத் தேர்ந்தெடுக்க வானிலை அறிஞர்களின் ஆலோசனை, மலையின் சிறு உருவத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செய்த சோதனை, காற்றால் ஒருபுறமாகச் சாய்ந்து வளர்ந்த மரங்கள் ஆகியவற்றைத் துணைக்குக் கொண்டார்கள்.

நிறுவிய பிறகு அளந்து பார்த்தபோது, குன்றின் மேல் காற்று எதிர்பார்த்ததைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தது. 1945-ல் இறக்கை ஒன்று முறிந்ததோடு திட்டமும் முடிந்தது. 1948-ல் புட்னம் எழுதிய நூல் இந்த அனுபவத்தை மறைக்காமல் பதிவு செய்கிறது. சாய்ந்த மரம் காற்றின் திசையையும் விடாப்பிடியையும் சொல்லும்; நொடிக்கு ஐந்து மீட்டரா ஏழு மீட்டரா என்று அதனால் சொல்ல முடியாது. அந்த இரண்டு மீட்டரில்தான் காற்றாலையின் வரவு செலவே இருக்கிறது.

கம்பம் நட்டு அளந்தவர்கள்

காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. வேகத்தை மதிப்பிடுவதில் பத்து விழுக்காடு பிழை நேர்ந்தால் ஆற்றல் கணக்கில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் பிழை வந்துவிடும். ஊகத்தை விட்டுக் கருவி வைத்து அளந்தாக வேண்டும் என்ற கட்சி இந்தக் கணக்கிலிருந்துதான் வலுப்பெற்றது.

இந்தியாவில் அந்தப் பணிக்கு முகமாக விளங்கியவர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, இந்திய வானிலைத் துறையில் கருவியியலைக் கட்டியெழுப்பியவர். டி. ஏ. மூலியுடன் சேர்ந்து இந்தியாவுக்கான காற்றாற்றல் தரவுத் தொகுப்பை 1983-ல் வெளியிட்டார். ஓய்வுக்குப் பிறகும் பெங்களூரிலிருந்து நாடு தழுவிய காற்றளவைப் பணியை முன்னின்று நடத்தினார். அதன் முடிவுகள் பல தொகுதிகளாக வந்தன. ஊர் ஊராகக் கம்பம் நட்டு, மாதம் தவறாமல் தரவு எடுத்து, பிழைகளைக் களைந்து அச்சேற்றிய அந்த உழைப்புக்கு உரிய இடம் நம் நினைவில் இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

வானிலைத் துறையிடம் ஏற்கெனவே காற்றுத் தரவு இருந்தது. ஆனால் அதன் வேகமானிகள் மழையையும் புயலையும் கணிப்பதற்காகத் தாழ்வான உயரத்தில் வைக்கப்பட்டவை. பல நிலையங்களைச் சுற்றி ஊர் வளர்ந்து, கட்டடமும் மரமும் காற்றை மறைத்தன. அந்தத் தரவை மட்டும் பார்த்தவர்கள், இந்தியாவில் காற்று மின்சாரத்துக்குப் பெரிய எதிர்காலம் இல்லை என்ற முடிவுக்கு வரக் காரணம் இருந்தது. இருபது, இருபத்தைந்து மீட்டர் உயரக் கம்பங்களைத் திறந்த வெளிகளில் நட்டு அளந்த பிறகுதான் சித்திரம் மாறியது.

அந்தச் சித்திரத்தில் தமிழ்நாடு தனியாகத் தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை ஒரு சுவர்போல் தடுக்கிறது. சுவரில் இடைவெளி விட்ட இடங்களில் காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய், இவற்றோடு தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. உடுமலை, பல்லடம் பகுதியும், தென்காசிச் சமவெளியும், முப்பந்தல், பணகுடி, இராதாபுரம் வட்டாரமும் காற்றாலைக் காடுகளானது இந்த நிலவமைப்பால்தான். தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986-ல் முதல் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணை வந்தது. கயத்தாறும் முப்பந்தலும் தொடர்ந்தன. 1998-ல் சென்னையில் தொடங்கப்பட்டு, இன்று பள்ளிக்கரணையிலிருந்து இயங்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நாடெங்கும் 900-க்கு மேற்பட்ட நிலையங்களில் காற்றை அளந்திருக்கிறது.

அளப்பதற்கு நிகரான சான்று இல்லை என்பது இன்றும் பொதுக் கருத்து. வங்கிக் கடன் கேட்டுப் போகும் எந்தத் திட்டமும் கம்பத் தரவு இல்லாமல் நகராது. ஆயினும் இந்த அணுகுமுறைக்கு மூன்று குறைகள் உண்டு. கம்பம் தான் நிற்கும் இடத்தைப் பற்றி மட்டுமே உறுதியாகப் பேசும். மேடு தாண்டி இரண்டு கிலோமீட்டர் போனால் வேறு காற்று. ஓராண்டு அளவீடு அந்த ஆண்டின் பருவமழையை ஒட்டியது. அது நல்ல காற்று ஆண்டா, மோசமான ஆண்டா என்று பக்கத்திலுள்ள நீண்டகாலத் தரவோடு ஒப்பிட்டால்தான் தெரியும். மூன்றாவது குறையைப் பலர் பேசுவதில்லை: காற்று இருக்கும் என்று ஏற்கெனவே நம்பிய இடங்களில்தான் கம்பம் நடப்பட்டது. நடாத இடம் வரைபடத்தில் வெறுமையாக நின்றது. அந்த வெறுமையைக் காற்றில்லாத இடம் என்று படித்துவிடும் பழக்கமும் வந்தது.

கணினி வரைந்த காற்று

கம்பங்களுக்கு இடையிலான வெறுமையை நிரப்பும் வழியை டென்மார்க்கின் ரிசோ ஆய்வகம் உருவாக்கியது. ட்ரோயன், பீட்டர்சன் இருவரும் 1989-ல் வெளியிட்ட ஐரோப்பியக் காற்று வரைபடத் தொகுப்பின் கருத்து எளிமையானது. ஓரிடத்தில் அளந்த காற்றிலிருந்து அங்குள்ள மரம், கட்டடம், மேடு ஆகியவற்றின் விளைவைக் கணக்கிட்டு நீக்கினால், அந்த வட்டாரத்தின் பொதுக் காற்று கிடைக்கும். வேறோர் இடத்தின் மரத்தையும் மேட்டையும் அதன் மேல் ஏற்றினால் அங்கு வீசும் காற்று கிடைக்கும். இதற்கென எழுதப்பட்ட ‘வாஸ்ப்’ என்ற மென்பொருள் உலகெங்கும் பரவியது. இந்தியாவின் 2010 தொகுப்பும் ரிசோ ஆய்வகத்தின் ஒத்துழைப்போடு உருவானதே. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து உருவாக்கிய உலகக் காற்று வரைபடம், இன்று யார் வேண்டுமானாலும் தம் ஊருக்கு மேல் சுட்டியை வைத்து 250 மீட்டர் நுணுக்கத்தில் காற்றைப் பார்க்கும் நிலையைக் கொண்டுவந்திருக்கிறது.

மாதிரியின் பலம் அதன் பரப்பு. பலவீனம் அது பிறந்த மண். மென்மையான ஏற்ற இறக்கங்கள் கொண்ட வட ஐரோப்பியச் சமவெளிக்கு ஏற்ற கணக்கு, செங்குத்தான மலைச் சரிவில் தடுமாறும். சரிவு கூடும்போது காற்று தரையை விட்டுப் பிரிந்து சுழல்வதை அது சரியாகப் பிடிப்பதில்லை. தென் தமிழ்நாட்டில் கணவாய்க்கு அப்பால் சமவெளி சூடேறிக் காற்றை இழுப்பதும், மாலையில் கடற்காற்று சேர்வதும் கூட்டாக நடப்பவை. இவற்றைப் பிடிக்க வானிலை மாதிரிகளை இணைத்த பிறகும், கணவாய் வாய்ப் பகுதிகளில் வரைபடத்துக்கும் கம்பத்துக்கும் இடையே வேறுபாடு இருப்பதை எதிர்பார்க்கலாம்.

உயரத்தின் கதையும் இங்கேதான் வருகிறது. தரைக்கு அருகில் உராய்வால் காற்று தணியும். மேலே போகப் போக வேகம் கூடும். சமவெளிக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் தோராயச் சூத்திரப்படி, 50 மீட்டரில் நொடிக்கு 6 மீட்டர் வீசும் காற்று 150 மீட்டரில் 7 மீட்டராகும். பார்வைக்கு ஒரு மீட்டர்தான். மும்மடி போட்டால் ஆற்றல் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுகிறது. முன்பு 50 மீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட் ஆற்றல் இருந்தால்தான் அந்த இடம் காற்றாலைக்கு உரியதாக ஏற்கப்பட்டது. பின்னர் அந்த வரம்பு கைவிடப்பட்டது. மென்காற்றிலும் சுழலும் நீள இறக்கை இயந்திரங்கள் வந்தன. ஒரு காலத்தில் லாயக்கற்றதென்று தள்ளப்பட்ட மாவட்டங்கள் இப்படித்தான் வரைபடத்தில் நிறம் பெற்றன. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2012-ல், இந்தியாவின் வளம் அப்போதைய அரசு மதிப்பீட்டைவிடப் பன்மடங்கு அதிகம் என்று சொன்னபோது அது மிகையாகத் தோன்றியது. இன்று அரசின் எண்ணே அந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது.

கழித்துக் கழித்து மிஞ்சும் நிலம்

காற்று இருக்கும் இடமெல்லாம் காற்றாலை வைக்க முடியாது. ஏரி, காடு, ஊர், விமான நிலையம், இராணுவப் பகுதி, செங்குத்துச் சரிவு ஆகியவற்றைக் கழித்தாக வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்கி நிலத்தின் தகுதியைப் படிக்கும் முறையை இயன் மெக்ஹார்க் 1969-ல் பரவலாக்கினார். கணினி வந்தபின் அது புவித்தகவல் அமைப்பாக வளர்ந்தது. தாமஸ் சாட்டி உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு அதோடு சேர்ந்துகொண்டது. காற்றின் வேகம், சாலைக்கு உள்ள தூரம், மின்பாதைக்கு உள்ள தூரம், சரிவு, நிலப்பயன்பாடு ஆகியவற்றை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, எது எதைவிட எத்தனை மடங்கு முக்கியம் என்று ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் போடுவார்கள். அதிலிருந்து எடைகள் வரும். எடைகளிலிருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் வரைபடம் வரும். இன்று பல்கலைக்கழகங்களில் வெளியாகும் இடத்தேர்வு ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இந்த முறை வெளிப்படையானது. யாரும் திரும்பச் செய்து பார்க்கலாம். ஆனால் எடைகளைத் தருபவர்கள் பெரும்பாலும் ஒரு சில வல்லுநர்கள். அவர்களுக்குள் முரண்பாடு இருக்கிறதா என்று கணக்கு சோதிக்கும். எல்லோரும் ஒரே மாதிரித் தவறியிருந்தால் அதற்குத் தெரியாது. கூட்டிக் கழிக்கும் முறையாதலால் ஒன்றின் குறையை இன்னொன்றின் நிறை ஈடுகட்டிவிடும். நல்ல காற்றும் பக்கத்துச் சாலையும் இருந்தால், மேய்ச்சல் நிலம் பறிபோவது மதிப்பெண்ணில் கரைந்துவிடும்.

கழித்தல் விதிகள் எவ்வளவு வலிமையானவை என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு போதும். வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிறுவ வேண்டும்? இந்திய அரசின் 2016 வழிகாட்டு நெறிகள், பதினைந்து வீடுகளுக்குக் குறையாத குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் என்கின்றன. டென்மார்க்கில் காற்றாலையின் மொத்த உயரத்தைப் போல் நான்கு மடங்கு. ஜெர்மனியின் பவேரியா மாநிலம் 2014-ல் பத்து மடங்கு என்றது. 200 மீட்டர் உயர இயந்திரத்துக்கு அங்கே இரண்டு கிலோமீட்டர் வெற்றிடம் வேண்டும்; சிற்றூர்கள் அடர்ந்த அந்த மாநிலத்தில் இடமே மிஞ்சவில்லை. விதியைப் பின்னர் தளர்த்த வேண்டியிருந்தது. நம் நெறியிலும் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது: தோட்டத்தில் தனித்தனியாக வீடு கட்டி வாழும் கொங்குப் பகுதியில் பதினைந்து வீடுகள் சேர்ந்திருக்கும் இடத்தை மட்டும் குடியிருப்பாகக் கொள்வது யாரைக் காக்கும்?

நிலக் கணக்கிலும் இதே நிலைதான். 2010 மதிப்பீடு பெரும்பாலான மாநிலங்களில் நிலத்தின் 2 விழுக்காடு கிடைக்கும் என்றும், ஒரு சதுர கிலோமீட்டரில் 9 மெகாவாட் வைக்கலாம் என்றும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது எண்ணைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழங்கிய இடைவெளி விதி, காற்று வீசும் திசையில் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல் ஏழு மடங்கும், குறுக்கே ஐந்து மடங்கும் என்பது. 27 மீட்டர் விட்டமுள்ள பழைய 225 கிலோவாட் இயந்திரத்துக்கு இதன்படி சுமார் ஆறேகால் ஏக்கர் வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 மெகாவாட் தேறும். 120 மீட்டர் விட்டமுள்ள 2.1 மெகாவாட் இயந்திரத்துக்கோ சுமார் 125 ஏக்கர் வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 4 மெகாவாட்தான் வரும். மத்திய அரசின் 2016 நெறி இடைவெளியைத் தளர்த்தியது. அது ஐந்துக்கு மூன்றாகக் குறைவதாக வைத்துக்கொள்வோம். அப்படிச் செய்தால் அதே இயந்திரத்துக்கு 53 ஏக்கர் போதும்; ஆனால் முன்னால் நிற்கும் இயந்திரம் காற்றைக் கலக்கிவிட, பின்னால் நிற்பதன் உற்பத்தி குறையும், தேய்மானம் கூடும். ஒரு விதியை மாற்றினால் வரைபடத்தின் கூட்டுத்தொகையே இரட்டிப்பாகிறது.

100 மீட்டர் மதிப்பீடு நிலத்தைத் தரம் பிரித்தது. தரிசில் 80 விழுக்காடு, விளைநிலத்தில் 30 விழுக்காடு, வனநிலத்தில் 5 விழுக்காடு கிடைக்கும் என்பது அதன் அனுமானம். அதன்படி தமிழ்நாட்டின் 33.8 ஜிகாவாட்டில் சுமார் 11.3 தரிசில், 22.2 விளைநிலத்தில். அதாவது மூன்றில் இரண்டு பங்கு யாரோ ஒருவரின் பட்டா நிலத்தில் இருக்கிறது. இந்தத் தகவல் மதிப்பீட்டின் அட்டவணையில் இருக்கிறது. மேடைகளில் மொத்த எண் மட்டும்தான் பேசப்படுகிறது.

தரிசு என்ற வகைப்பாட்டின் மேல் இன்னும் கடுமையான விமர்சனம் உண்டு. வரி வராத நிலத்தைப் பயனற்ற நிலமாகக் கருதும் பழைய வருவாய்த் துறைக் கண்ணோட்டத்தின் தொடர்ச்சி அது என்பது சூழலியலாளர்களின் வாதம். மதுசூதனும் அபி வனக்கும் 2022-ல் வெளியிட்ட நிலப்பட ஆய்வு, இந்தியாவின் வறண்ட புல்வெளி, முட்புதர்வெளி போன்ற திறந்த இயற்கைச் சூழல்கள் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று காட்டியது. இவற்றில் பெரும்பகுதி தரிசுப் பட்டியலில் இருப்பவை. ஆடு மேய்ப்பவருக்கும் ஓநாய்க்கும் அது வாழ்விடம். எண்பது விழுக்காட்டை எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமானம் அவர்களிடம் கேட்டு எழுதப்பட்டதல்ல.

ஜெர்மனி இந்தச் சிக்கலை மறுமுனையிலிருந்து அணுகுகிறது. 2022-ல் இயற்றிய சட்டப்படி, நாட்டின் நிலத்தில் 2 விழுக்காட்டை 2032-க்குள் காற்றாலைக்கென ஒதுக்கியாக வேண்டும். எங்கே என்பதை மாநிலங்கள் தேடித் தர வேண்டும். நம் 2010 மதிப்பீட்டில் ஊகமாக இருந்த அதே 2 விழுக்காடு அங்கே கடமையாகியிருக்கிறது. இலக்கை முதலில் வைத்துவிட்டால் தகுதி குறைந்த இடமும் தகுதியானதாக அறிவிக்கப்படும் அபாயம் உண்டு. ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே சண்டையிடாமல் சமூகம் ஒருமுறை உட்கார்ந்து பேசும் கட்டாயத்தை அது உண்டாக்குகிறது. இந்த இரண்டாவது நன்மையை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

மின்பாதையின் வரைபடம்

காற்றாலைத் தொழிலில் இருப்பவரிடம் நல்ல இடம் எது என்று கேட்டால், துணைமின் நிலையம் எவ்வளவு தூரம், அதில் ஏற்ற இடமிருக்கிறதா என்றுதான் முதலில் விசாரிப்பார். தமிழ்நாட்டின் காற்று உற்பத்தியில் பெரும்பங்கு மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுக் காலத்தில் வந்துவிடுகிறது. அந்த மாதங்களில் பாதை நிரம்பிவிட்டால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் உத்தரவு வரும். கூடவே மழை பெய்து தேவை குறைந்தாலும் அப்படித்தான். நல்ல காற்று வீசும்போது இறக்கை நிற்பது உரிமையாளருக்கும் நட்டம், நிலக்கரியை எரிக்கும் நாட்டுக்கும் நட்டம்.

பசுமை மின்வழித் திட்டத்தில் தேனி மாவட்டம் தப்புக்குண்டில் அமைந்த 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் போன்றவை இந்த நெருக்கடிக்கு விடையாக வந்தவை. ஆயினும், காற்றாலை நிற்க ஓராண்டு போதும், உயரழுத்தப் பாதை போடப் பல ஆண்டுகள் ஆகும் என்ற முரண் தீரவில்லை. இருக்கும் பாதைக்கு அருகில் இடம் தேடினால் ஏற்கெனவே நெரிசலான வட்டாரத்தில் மேலும் நெரிசல். காற்று இருக்கும் புதிய வட்டாரத்துக்கு முன்கூட்டியே பாதை போட்டால், காற்றாலை வராவிட்டால் செலவு மின்நுகர்வோர் தலையில். திட்டமிடுவோர் இரண்டாவது பக்கம் சாய்வதே நெடுநோக்கில் சரி என்று தோன்றுகிறது.

பறவையும் பல்லியும் ஊராரும்

கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாய் 1980-களில் காற்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம். அங்கு பொன்னிறக் கழுகுகள் இறக்கையில் அடிபட்டுச் செத்தன. பல்லாண்டு வழக்குகளுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான சிறு இயந்திரங்களை அகற்றிச் சில பெரிய இயந்திரங்களை வைத்தார்கள். காற்று குவியும் கணவாயைக் கழுகும் விரும்பும் என்ற எளிய உண்மை அன்றைய வரைபடத்தில் இல்லை.

இந்தியாவில் இத்துறையின் குறிப்பிடத்தக்க ஆய்வு மகாராட்டிரத்தின் சால்கேவாடி பீடபூமியில் நடந்தது. மரியா தாக்கரும் சக ஆய்வாளர்களும் 2018-ல் வெளியிட்ட முடிவின்படி, காற்றாலைகள் நின்ற பகுதியில் வல்லூறு வகைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. அவற்றுக்கு இரையாகும் விசிறித் தொண்டை ஓணான்கள் பெருகின, அவற்றின் நடத்தையும் மாறியது. செத்த பறவைகளை எண்ணினால் மட்டும் தெரியவராத விளைவு இது. இந்தியாவில் காற்றாலைத் திட்டங்களுக்கு 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் முன் அனுமதி தேவையில்லை என்பதால், இத்தகைய தகவல் இடத்தேர்வுக்கு முன் கிடைப்பது அரிது. இராஜஸ்தானில் கானமயிலுக்காக மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் ஆணையிட்டதும், 2024-ல் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டதும், வரைபடத்தில் முதலிலேயே தீர்க்க வேண்டியதைப் பிற்பாடு நீதிமன்றத்தில் தீர்க்க முயல்வதன் விளைவு.

இலங்கையின் மன்னார்த் தீவு இன்னொரு பாடம். வடமேற்கின் காற்று வளம் மறுக்க முடியாதது. 2020 இறுதியில் அங்கு 30 இயந்திரங்களுடன் 103.5 மெகாவாட் ‘தம்பபவனி’ பண்ணை இயங்கத் தொடங்கியது. அதே தீவு மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் வலசைப் பாதையின் முனை. மீனவரும் ஊராரும் வெள்ளநீர் வடிகால் அடைபடுவதையும் நிலம் போவதையும் முன்வைத்து அடுத்த கட்டத் திட்டங்களை எதிர்த்தார்கள். 2025-ல் போராட்டம் தெருவுக்கு வந்தது. இப்படிப்பட்ட எதிர்ப்பைத் தம் வீட்டருகே வேண்டாம் என்னும் தன்னலமாகச் சுருக்குவது நெடுங்காலப் பழக்கம். நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் வோல்சிங்க் அந்த விளக்கத்தைத் தொடர்ந்து மறுத்துவந்திருக்கிறார்: முடிவு எடுத்த விதம் நியாயமாக இருந்ததா என்பதே மக்களின் மனநிலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அவர் வாதம். மன்னாரைப் பார்த்தால் அந்த வாதம் பொருந்துவதாகவே தெரிகிறது. ஆனால் ஊர் ஒப்புதலை எப்படி ஒரு வரைபட அடுக்காக்குவது என்பதற்கு யாரிடமும் நல்ல வழி இல்லை. ஒப்புதல் நிலத்தின் குணமில்லை; கேட்கும் விதத்தைப் பொறுத்துக் கிடைப்பது.

பழைய காத்தாடி நிற்கும் நல்ல இடம்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு வேறெங்கும் இல்லாத கூர்மை இருக்கிறது. 1990-களில் தேய்மானக் கழிவு என்ற வரிச் சலுகையைப் பயன்படுத்திக் கோவை, திருப்பூர், இராஜபாளையம் நூற்பாலைக்காரர்கள் காற்றாலையில் முதலீடு செய்தார்கள். முதலில் வந்தவர்கள் முதல்தரக் காற்றை எடுத்துக்கொண்டார்கள். விளைவு: நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் முப்பந்தல், கயத்தாறு, பல்லடம் வட்டாரங்களில் நிற்பவற்றில் பல, நாட்டின் மிகப் பழைய, மிகச் சிறிய இயந்திரங்கள். அடுத்து வந்த பெரிய இயந்திரங்கள் இரண்டாம் தரக் காற்றைத் தேடிப் போகின்றன. புதிய இடங்களுக்கான வரைபடத்தில் இந்தப் பழைய வட்டாரங்கள் நிரம்பியவையாகவே காட்டப்படுகின்றன.

பழையதை அகற்றிப் புதியதை வைக்கும் கொள்கையை மத்திய அரசு 2016-லும் 2023-லும், தமிழ்நாடு 2024-லும் அறிவித்தன. தடை நிலத்தில் இருக்கிறது. ஐந்தாறு ஏக்கர் இடைவெளியில் நிற்கும் இயந்திரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவருடையவை. பெரிய இயந்திரம் ஒன்றை வைக்க அவர்களில் பலர் கூட்டுச் சேர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை, கடன் தீர்ந்து தெளிந்த வருமானம் தரும் நேரத்தில், கழற்ற மனம் வர வேண்டும். ஒப்பந்தமும் பாதைத் திறனும் புதுப்பிக்கப்பட வேண்டும். புதிய நிலத்தைத் தேடும் ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. எந்தப் பழைய தொகுப்பில் எத்தனை உரிமையாளர் சேர்ந்தால் எவ்வளவு கிடைக்கும் என்று சர்வே எண் வாரியாகக் காட்டும் வரைபடம்தான் தமிழ்நாட்டுக்கு இப்போது அவசரமாகத் தேவை. மேய்ச்சல் நிலத்தையோ விளைநிலத்தையோ புதிதாகத் தொடாமல் உற்பத்தியைக் கூட்டக் கைக்கெட்டும் வழி இதுதான்.

இன்னும் தீராதவை

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. முதலாவது, காற்றே நிலையாக இருக்குமா என்பது. வட அரைக்கோளத்தில் தரைக்காற்று 1979 முதல் 2008 வரை பல இடங்களில் தணிந்ததாக வோட்டார் குழுவினர் 2010-ல் காட்டினார்கள். ஏறத்தாழ 2010-க்குப் பின் அது மீண்டும் எழுவதாக 2019-ல் வேறொரு குழு சொன்னது. இந்தியப் பெருங்கடல் சூடேறுவதால் பருவக்காற்று வலுவிழந்து, இந்தியாவின் காற்று வளம் 1980 முதல் 2016 வரையான காலத்தில் குறைந்திருக்கிறது என்பது 2018-ல் வந்த ஓர் ஆய்வின் முடிவு. நம் மாநிலத்தின் உற்பத்தியில் பெரும்பங்கு பருவக்காற்றை நம்பியிருப்பதால் இது மற்றவர்களைவிட நமக்கு நெருக்கமான கவலை. கடந்த காலத் தரவில் வரைந்த வரைபடம், இயந்திரத்தின் இருபது, இருபத்தைந்து ஆண்டு ஆயுளுக்கு எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

இரண்டாவது, பெரும் பரப்பில் காற்றாலை நிறைந்தால் காற்றே மெலியும் என்பது. ஆடம்ஸ், கீத் இருவரும் 2013-ல் செய்த கணிப்பு, மிகப் பரந்த பண்ணைகளில் சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு வாட்டுக்கு மேல் எடுப்பது கடினம் என்றது. ஏறத்தாழ நூறு சதுர கிலோமீட்டரைத் தாண்டிய பண்ணைகளுக்கான எச்சரிக்கை அது. சிறிய திட்டங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் 1,164 ஜிகாவாட் என்பது போன்ற நாடளாவிய கூட்டுத்தொகைகளை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்க அது போதிய காரணம்.

மூன்றாவது, கடல். மன்னார் வளைகுடாவை ஒட்டித் தமிழ்நாட்டுக் கரைக்கப்பால் சுமார் 35 ஜிகாவாட் வளம் இருப்பதாக மதிப்பீடு உண்டு. கடல்சார் காற்றாற்றல் கொள்கை 2015-லேயே வந்துவிட்டது. கரையில் கிடைக்காத சீரான காற்று அங்கே வீசுகிறது. 21 தீவுகள் கொண்ட கடல் தேசியப் பூங்காவும், வழிவழியாக வலை இறக்கும் மீனவர் துறைகளும் அதே வட்டாரத்தில் உள்ளன. பூங்காவின் எல்லை வரைபடத்தில் இருக்கிறது. எந்தப் பாரில் எந்த மாதம் எந்த ஊர்க்காரர் வலை விடுவார் என்பது எந்த அரசு வரைபடத்திலும் முறையாக ஏறவில்லை. கரையோர ஊர்களில் அது வாய்மொழியாகவே இருக்கிறது. கடற்படுகையைக் குத்தகைக்கு விடும் முன் அதைக் கேட்டு எழுதிச் சேர்க்க இன்னும் அவகாசம் இருக்கிறது, ஏனெனில் அந்தக் கடலில் இதுவரை ஒரு காற்றாலையும் நடப்படவில்லை.